ஐந்தாம் சரணத்தில் ஓடிய பிறிட்ஜ்

போன மாதம் ஸ்காபரோவில் ஒரு கலியாண மண்டபத்தில் பாட்டுப் போடுகிற தம்பியோடு சண்டை பிடித்தேன். பட்டுச்சேலையும் தலையில் பூவுமாக, அறுபத்தெட்டு வயதில். என் மேசையில் இருந்தவர்கள் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, உந்தப் பாட்டிலை பிறிட்ஜ் எங்க?" என்று கேட்டேன்.

"கிச்சின் அங்கால இருக்கு, அன்ரி," என்றான் அவன், மரியாதையாகத்தான்.

"நான் கிச்சின் பிறிட்ஜைக் கேக்கேல்லை. பாட்டுக்குள்ள ஒரு பிறிட்ஜ் இருந்தது. ஐஞ்சாம் சரணத்திலை."

அவன் முகம் மலர்ந்தது. "ஓ, அந்த நொய்ஸோ? அதை நான் றிமூவ் பண்ணீற்றன் அன்ரி. ரெண்டே ரெண்டு கிளிக். இப்ப சூப்பர் கிளீன்."

இருபத்தாறு வருடம் ஒலிப்பதிவு வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். வேண்டாத சத்தத்தை அழிப்பது இப்போது எவ்வளவு சுலபம் என்று எனக்கும் தெரியும். யாரும் சவர பிளேட்டால் ஒலிநாடாவை வெட்டுவதில்லை, விரலை வெட்டிக்கொள்வதும் இல்லை. நல்லது. ஆனால் அந்தப் பிறிட்ஜ் சத்தத்தை நம்பி ஒரு கலியாணம் நடந்திருக்கிறது. ஒரு அண்ணனும் தம்பியும் அதைக் கேட்ட பிறகுதான் முகம் கொடுத்துக் கதைத்தார்கள். "அந்தக் காலத்துக் கதையை எழுதுங்கோ அன்ரி" என்று வேலையிடத்துப் பிள்ளைகள் எத்தனையோ தரம் கேட்டும் பஞ்சிப்பட்டுத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். இந்தத் தம்பியின் இரண்டு கிளிக் என்னை எழுத வைத்துவிட்டது.

கனடாவுக்கு வந்த புதிதில் ஒரு தொழிற்சாலையில் மூன்று வருடம் திரைச்சீலை தைத்தேன். ஒருநாள் தமிழ்க் கடையொன்றின் அறிவிப்புப் பலகையில் "கை நடுங்காத ஆள் தேவை" என்று ஒரு துண்டு கண்டேன். என்ன வேலை என்று எழுதியிருக்கவில்லை. மோர்னிங்சைட்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றில் தில்லையம்பலம் அண்ணை என்னை இருத்தி, கையில் ஒரு பிளேட்டையும் பழைய பத்திரிகை ஒன்றையும் தந்தார். "இரண்டு பத்திக்கும் நடுவாலை வெட்டும். ஒரு எழுத்தும் காயப்படக்கூடாது" என்றார். வெட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பிழையில்லை" என்றார். அதன்பிறகு நான் அவரிடம் வேலை செய்த பதினொரு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த ஆகப் பெரிய பாராட்டு அந்தச் சொல்தான். அதுவும் ஐந்தாறு தரம் வந்திருந்தால் அதிசயம்.

தில்லையண்ணை கொழும்பில் வானொலித் தொழில்நுட்ப வேலை பார்த்தவர். பேஸ்மென்ற்றில் வேலை செய்வதற்கும் டை, அவர் சொல்கிற கழுத்துப் பட்டி, கட்டிக்கொண்டுதான் படியிறங்குவார். கோபம் வந்தால் குரல் கூடாது, குறையும். அவர் மெல்லப் பேசத் தொடங்கினால் எங்களுக்கு நெஞ்சு இடிக்கும். எல்லாவற்றுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டுவார். நாடாவுக்கு, வயருக்கு, ஸ்விச்சுக்கு மட்டுமல்ல. கதவில் "கதவு" என்று ஒட்டியிருந்தார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "ஆரும் சுவர் எண்டு நினைச்சிட்டால்?" என்றார்.

ஒலிப்பதிவுக்கு முன் அவர் வீட்டில் நடக்கிற சடங்கை ஒரு ஐயர் பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார். முதலில் ஹீற்றரை நிற்பாட்டுவோம், அது இரைகிறதென்று. தை மாதத்தில் வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, பாடகர்கள் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வாயால் புகை விட்டபடி காதல் பாட்டுப் பாடுவார்கள். கிற்றார் வாசிப்பவர் சுடுதேத்தண்ணிக் கோப்பையை விரலால் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பார். காப்பு, சங்கிலி எல்லாம் கழற்றி ஒரு தட்டில். சுவர் மணிக்கூட்டைக் கொண்டுபோய்க் காருக்குள் வைப்போம். கடைசியாக மேல்மாடிக் குசினியில் பிறிட்ஜ்.

குசினி, ஒலிவாங்கிக்கு நேர் மேலே இருந்தது. பிறிட்ஜ் உதறினால் கீழே எல்லாம் கேட்கும். ஆகவே பதிவுக்கு முன் அதன் பிளக்கைக் கழற்ற வேண்டும். ஒருமுறை கழற்றிவிட்டுத் திருப்பிக் கொழுவ மறந்துபோய், தில்லையண்ணையின் மனைவி பூமணியக்காவின் மூன்று கிலோ விளைமீன் நாறிவிட்டது. அன்று இயற்றப்பட்ட சட்டம் இது: பிளக்கைக் கழற்றுகிறவர் தன்னுடைய கார்த் திறப்பை, அதாவது சாவியை, பிறிட்ஜுக்குள் முட்டை வைக்கிற தட்டில் வைக்க வேண்டும். திறப்பில்லாமல் வீட்டுக்குப் போக முடியாது. திறப்பை எடுக்க வந்தால் பிளக் ஞாபகம் வரும். பூமணியக்காவும் அதற்குக் கட்டுப்பட்டவர். முட்டைத் தட்டில் திறப்பு இருந்தால் கீழே பாட்டு நடக்கிறதென்று அர்த்தம், தொட மாட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம், மனோ என்ற பெடியன் எங்களிடம் வந்தான். கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை. நல்ல குரல், பழைய கிற்றார், அதைவிடப் பழைய கோட். அவனுடைய பாட்டுக்கு "எத்தினை நாடு" என்று பெயர். கிற்றாரும் ட்ரம்ஸும் உடுக்கும் சேர்ந்த, நாட்டுப்பாடல் மாதிரியும் றொக் மாதிரியும் ஒரு சாமான். "எங்கட வீடு எத்தினை நாடு" என்று பல்லவி. பிறகு வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு சரணம். யாழ்ப்பாணத்தில் மாட்டுப்பட்டிருக்கிற அப்பா, அம்மா, பிரான்ஸில் பெரியக்கா, அத்தான், கனடாவில் அண்ணை, தங்கச்சி, சுவிஸில் சித்தப்பா. எட்டாவதாக ஊரில் விட்டுவந்த நாய், சீசர். அப்பா, அம்மா தவிர மற்ற ஆட்களெல்லாம் நாடு நாடாக இருந்த காலம்.

ஒலிப்பதிவு நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குளிரில் என் கார் ஸ்ராற் ஆகவில்லை. பஸ் எடுத்து, மாறி, ஓடி வந்தேன். ஹீற்றரை நிற்பாட்டினேன், மணிக்கூட்டைத் தில்லையண்ணையின் காருக்குள் வைத்தேன், பிறிட்ஜின் பிளக்கைக் கழற்றினேன். முட்டைத் தட்டில் வைக்க என்னிடம் திறப்பில்லை. சட்டத்தை மீறவும் மனமில்லை. கையில் இருந்தது பஸ் மாறும்போது காட்டுகிற சின்னக் காகிதத் துண்டு. அது இல்லாமல் நானும் வீட்டுக்குப் போக முடியாதுதானே? அதை முட்டைத் தட்டில் வைத்துவிட்டு இறங்கினேன்.

கீழே நான்காம் சரணம் நடக்கும்போது மேலே பூமணியக்கா, பிறகு அவரே எனக்குச் சொன்னபடி, இறால் எடுக்கப் பிறிட்ஜைத் திறந்திருக்கிறார். திறப்பில்லை. உள்ளே லைற் எரியவில்லை, முட்டைத் தட்டில் ஏதோ ஒரு கசங்கின காகிதம் கிடந்தது. அதைக் குப்பையில் போட்டார். பிளக் தட்டுப்பட்டுக் கழன்றிருக்கிறது என்று நினைத்துக் கொழுவிவிட்டார். அவரில் பிழையே இல்லை.

அந்தப் பிறிட்ஜின் கொம்பிறசர் சாகக் கிடந்தது. "டுக்" என்று உதறித் தொடங்கும். "டுர்ர்ர்" என்று நாற்பது செக்கன் இழுக்கும். சூடேறி "டக்" என்று நின்றுவிடும். அன்றைக்கு அது தொடங்கினது ஐந்தாம் சரணத்தின் முதற் சொல்லில். நின்றது கடைசிச் சொல்லில். ட்ரம்ஸ் இல்லாமல் கிற்றாரும் குரலும் மட்டும் வருகிற ஒரேயொரு சரணம் அதுதான். வேண்டுமென்று பழக்கினாலும் இப்படிப் பொருந்தாது.

எல்லாரும் வேலைக்கு ஓடின பிறகு, ஹெட்போனில் கேட்கும்போதுதான் அது எங்களுக்குப் பிடிபட்டது. தில்லையண்ணை ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். குரல் குறைந்தது.

"ஐஞ்சாம் சரணத்தை வெட்டும்."

"அண்ணை, திருப்பிக் கூப்பிட்டு எடுப்பமே?"

"கிற்றார்காரர் நாளைக்கு வன்கூவர் போறார். நீர் வெட்டும்."

"அது தமையனைப் பற்றின சரணம் அண்ணை."

"பாட்டிலை எட்டுச் சீவன் இருக்கு. ஒண்டு குறைஞ்சால் ஆருக்குத் தெரியப்போகுது?"

வெட்டினேன். ஐம்பது அடி நாடா. ஒட்டின இடம் தெரியாமல் ஒட்டினேன். அவர் அதைக் கேட்டுவிட்டு "பிழையில்லை" என்றார். அன்றைக்கு அந்தச் சொல் எனக்கு இனிக்கவில்லை. பஸ் துண்டுக் கதையை நான் அவரிடம் சொல்லவில்லை. மனோவுக்கும் போன் எடுக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

சித்திரையில் கசெற் வெளிவந்தது. வெளிவந்த அன்று மனோ அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். "அண்ணையின்ர சரணம் எங்க?" என்றான். தில்லையண்ணை பிறிட்ஜ் கதையைச் சொன்னார். நான் வயர் சுற்றிக்கொண்டு நின்றேன். கசெற்றுகள் அதற்குள் கடை கடையாகப் போய்விட்டன.

இரண்டு மாதத்தில் அந்தப் பாட்டு இல்லாத இடமில்லை. பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம், காருக்குள், சலூனுக்குள். சீசரின் சரணம் வந்தால் சின்னப்பிள்ளைகள் நாலு காலில் நிற்பார்கள். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள், ஒரே ஒருவரைத் தவிர.

அவர்தான் மனோவின் தமையன் பாலண்ணை. ஸ்காபரோவுக்கு அடுத்த மார்க்கம் நகரத்தில் இருந்தார். வீட்டில் முதலாவதாகக் கனடாவுக்கு வந்தவர். தம்பியையும் தங்கச்சி வசந்தியையும் இங்கே கூப்பிட்டு எடுத்தவரும் அவர்தான். ஒரு பிறந்தநாள் விழாவில் அந்தப் பாட்டை முதன்முதல் கேட்டிருக்கிறார். பிறகு அவரே எனக்குச் சொன்னது: "அப்பாவின்ர சரணம் போச்சு, அம்மாவின்ர சரணம் போச்சு, பெரியக்கா, அத்தான். அடுத்தது நான் எண்டு எழும்பி, சேட்டுக் கொலரை இழுத்துவிட்டுக்கொண்டு நிண்டனான். பக்கத்து மேசைக்காரரையும் 'கேளுங்கோ, கேளுங்கோ' எண்டனான். தங்கச்சி வந்திட்டாள். சரி, பிறகு வருமாக்கும் எண்டு நிண்டன். சித்தப்பா வந்தார். நாய் வந்தது. பாட்டு முடிஞ்சுது. நான் நிண்டுகொண்டிருக்கிறன்."

மனோ ஓடிப்போய் உண்மையைச் சொன்னான்: பிறிட்ஜ் சத்தம் விழுந்து அந்தச் சரணம் வெட்டுப்பட்டுவிட்டது என்று. உலகத்தில் வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார்கள். பாலண்ணையின் தொழில் பிறிட்ஜ் திருத்துவது.

"எனக்கே பிறிட்ஜ் கதை விடுறியோ?" என்று கேட்டாராம். அத்தோடு தம்பியோடு பேச்சு நின்றது. போன் எடுத்தால் வைத்துவிடுவார்.

அதுவரைக்கும் இது ஒரு வீட்டுச் சண்டை. ஆவணியில் வசந்திக்குக் கலியாணம் வைத்திருந்தார்கள். அப்பா அம்மா ஊரைவிட்டு வரமுடியாத நிலை. தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியது பாலண்ணையும் மனைவியும். அவர் ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்: "எங்கட வீட்டிலை ஆரார் இருக்கினம் எண்டு உலகத்துக்கே பாடியாச்சு. அதிலை நான் இல்லை. சீசரைக் கூப்பிட்டுத் தாரை வார்க்கச் சொல்லு."

கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது வசந்தி ஸ்ரூடியோவுக்கு வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். மாப்பிள்ளை பகுதி, தமையன் எங்கே, என்ன பிரச்சினை என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவளுக்கு அதுகூடப் பெரிதில்லை.

"அண்ணை வராட்டில் நான் மணவறையிலை இருக்கமாட்டன் அக்கா," என்றாள். "என்னைத் தூக்கி வளத்தது அவர். ஒரு பாட்டுக்காக இப்பிடிச் செய்வாரெண்டு நான் நினைக்கேல்லை." சொல்லிவிட்டு அழுதாள். "கதவு" என்று எழுதியிருந்த கதவில் சாய்ந்துகொண்டு அழுதாள்.

என்னால் தாங்க முடியவில்லை. பஸ் துண்டு, முட்டைத் தட்டு, இறால், எல்லாவற்றையும் தில்லையண்ணைக்கு முன்னால் ஒப்புக்கொண்டேன். அவர் கையிலிருந்த பெயர்ச்சீட்டை மேசையில் வைத்தார். பிறகு, "அண்டைக்கே சொல்லியிருக்கலாம்" என்றார், மிக மெல்லிய குரலில். என் வாழ்க்கையில் வாங்கின பெரிய ஏச்சு அதுதான்.

"மனோவைக் கூப்பிட்டு அந்தச் சரணத்தைத் திருப்பிப் பாடவைப்பம்," என்றேன்.

"மனோ அண்ணை அதுக்கும் ஆள் விட்டுக் கேட்டுப் பாத்திட்டார்," என்றாள் வசந்தி. "'இப்ப பாடினால் இப்பத்தையான் பாட்டு. நான் கோவிச்சதுக்குப் பிறகு பாடினது எனக்குத் தேவையில்லை. அப்ப பாடினதைக் கொண்டா' எண்டு பெரியண்ணை சொல்லிப்போட்டார்."

வெட்டின நாடாவை அன்று தொங்கவிட்டிருந்த ஆணியைப் பார்த்தேன். வெறும் ஆணி. வெட்டின நாடாத் துண்டுகளைத் தில்லையண்ணை எறிவதில்லை என்று எனக்குத் தெரியும். எதையும் எறியமாட்டார். அவர் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு, "வாரும்" என்று பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பூமணியக்காவின் பாகற்கொடி பந்தலேறி, காயும் பூவுமாக நின்றது. கொடி படர்வதற்காகப் பந்தலின் குறுக்கும் நெடுக்குமாக மண்ணிறத்தில் மினுமினுவென்று ஏதோ இழுத்துக் கட்டியிருந்தது. மூலைக் கம்பத்தில், மழையில் மங்கிப்போன ஒரு பெயர்ச்சீட்டு. "ஐந்தாம் சரணம் – அண்ணை – பிறிட்ஜ்" என்று அவருடைய கையெழுத்து. பக்கத்துக் கம்பத்தில் வேறொரு பாடகரின் இருமல், தக்காளியைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"கொடியை அறுத்தெடுப்பம்," என்றான் அன்று பின்னேரமே ஓடிவந்த மனோ.

"ஆர் அறுக்கிறது?" என்று பூமணியக்கா குசினி யன்னலால் கேட்டார். "காய்க்கிற நேரத்திலை கொடியிலை கை வைச்சியளோ, தெரியும்! நாடாவை எடுங்கோ. ஒரு பூ விழக்கூடாது."

பாகற்கொடியின் சுருளிகளைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? ஐந்து அங்குலத்துக்கு ஒன்றாக நாடாவை முறுக்கிப் பிடித்திருந்தன. இழுத்தால் நாடா நீண்டு பாட்டுக் கெட்டுப்போகும். வெட்டினால் பூமணியக்கா எங்களைக் கெடுத்துவிடுவார். மனோவும் வசந்தியும் நானும் இரண்டு பின்னேரம், புருவ மயிர் பிடுங்குகிற குறட்டால் ஒவ்வொரு சுருளியாக அவிழ்த்தோம். தில்லையண்ணை நாற்காலி போட்டிருந்து, அவிழ்ந்த நாடாவைச் சக்கரத்தில் சுற்றினார். ஓர் இடத்தில், இரவில் குப்பை கிளற வருகிற றக்கூன் என்ற விலங்கு கடித்திருந்தது. அதை ஒட்டினோம். ஐம்பது அடியையும் பஞ்சில் நீர் தொட்டுத் துடைத்தேன். பறவை எச்சம், மண், பாகலின் பச்சைச் சாயம். அந்தச் சரணம் கசந்தது என்று மனோ சொன்னான். ஏன் நக்கிப் பார்த்தானோ தெரியாது.

பாலண்ணை ஸ்ரூடியோவுக்கு வரமாட்டார். ஆகவே ஸ்ரூடியோ பாலண்ணையிடம் போனது. சனிக்கிழமை மத்தியானம், இரண்டு பேர் தூக்கவேண்டிய நாடா இயந்திரத்தை என் காரின் பின்சீற்றில் பெல்ற் போட்டு இருத்தி, எல்லாருமாக மார்க்கத்துக்குப் போனோம். அவர் கராஜுக்குள் நின்றார். திருத்தின பிறிட்ஜுகளைத் திருப்பிக் கொடுக்க முன் இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். ஏழு பிறிட்ஜ் வரிசையாக நின்று ஒன்றாக இரைந்துகொண்டிருந்தன. நாங்கள் பேசுவதே கேட்கவில்லை.

"ஐஞ்சு நிமிசம்," என்று அவர் ஸ்பானரால் ஒரு ஆணியை முறுக்கிக்கொண்டே சொன்னார். தம்பியைப் பார்க்கவில்லை.

தில்லையண்ணை ஏழு பிறிட்ஜையும் பார்த்தார். "இவ்வளவையும் நிப்பாட்ட வேணும். ஆனால் திறப்பு வைக்க வேணும்."

"பிளக்கைக் கழட்டினால் திருப்பிக் கொழுவ எனக்குத் தெரியாதோ?" என்று பாலண்ணை கேட்டார். "இது என்ர தொழில்."

"சட்டம் சட்டம்தான்," என்றார் தில்லையண்ணை, குரலைக் குறைத்து.

அந்தக் குரலுக்குப் பாலண்ணையும் அடங்கிவிட்டார். தில்லையண்ணையின் கார்த் திறப்பு முதலாவதுக்குள். என்னுடையது இரண்டாவதுக்குள். மனோ தன்னுடையதை வைத்தான். பாலண்ணையின் மனைவி வீட்டுக்குள் போய்த் தன் திறப்பைக் கொண்டுவந்தார். காரில்லாத வசந்தி வீட்டுத் திறப்பைக் கழற்றி வைத்தாள். பாலண்ணை தன் வேலை வாகனத்தின் திறப்பை எடுத்து ஆறாவதுக்குள் எறிந்தார். ஏழாவதுக்கு ஒன்றுமில்லை. எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தோம். தில்லையண்ணை தன் கழுத்துப் பட்டியைக் கழற்றி, நான்காக மடித்து, முட்டைத் தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினார். அவரைக் கழுத்துப் பட்டியில்லாமல் நான் கண்ட ஒரே நாள் அதுதான். கழுத்து ஒரு கோழிக்குஞ்சின் கழுத்து மாதிரி இருந்தது, பாவம்.

கராஜ் அமைதியானது. நான் நாடாவைப் போட்டேன்.

"டுக்" என்று ஒரு உதறல். "டுர்ர்ர்" என்று தொடங்கியது. மனோவின் குரல் வந்தது.

பாலண்ணை கையைத் தூக்கினார். "நிப்பாட்டு."

எங்கள் உயிர் போய்விட்டது.

"திருப்பிப் போடு."

இந்தமுறை குனிந்து காதை ஸ்பீக்கரில் வைத்தார். கடைசியில் "டக்" என்று நிற்கும்வரை அசையவில்லை. பிறகு நிமிர்ந்தார். தம்பியையல்ல, தில்லையண்ணையைப் பார்த்தார்.

"தொடங்கேக்குள்ள ஒரு உதறல். நாப்பது செக்கன். பிறகு சூடேறி விழுகுது. இது உங்கட குசினிப் பிறிட்ஜின்ர பழைய கொம்பிறசர்."

"ஓம்."

"மாசியிலை நான்தானே வந்து அதைக் கழட்டி எறிஞ்சிட்டுப் புதுசு போட்டனான்."

"ஓம்."

"அப்ப இது மாசிக்கு முதல் பாடினது."

"தையிலை பாடினது. பிறிட்ஜ்தான் சாட்சி," என்றார் தில்லையண்ணை.

பாலண்ணை ஒரு பழைய எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்தார். "இன்னொருக்காப் போடுங்கோ," என்றார். இம்முறை அவர் பிறிட்ஜைக் கேட்கவில்லை.

பெரியண்ணை, பெரியண்ணை,
பனி கொட்டின காலமை
உன்ர சப்பாத்து என்ர காலிலை,
செருப்போட நீ பஸ்சிலை.

அவ்வளவுதான் சரணம். இரண்டு தரம் வரும். மனோ கனடாவுக்கு வந்த முதல் கிழமை, வேலை தேடிப் போகத் தமையன் தன் பனிச் சப்பாத்தைக் கொடுத்த கதை. "டக்" என்று நின்றது. பாலண்ணை தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ்சிலை இல்லையடா," என்றார். இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகு தம்பியோடு பேசின முதல் வார்த்தை. "அண்டைக்குப் பஸ் ஓடேல்லை. நடந்துதான் போனனான்."

மனோவின் முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. "நீ அதைச் சொல்லவேயில்லையே அண்ணை."

"நீ கேக்கேல்லை."

பாலண்ணை மூக்கை உறிஞ்சினார். குளிர்காலமில்லை, ஆவணி மாதம். பிறகு தங்கச்சியிடம் திரும்பினார்.

"முகூர்த்தம் எத்தினை மணிக்கு?"

வசந்தி அழுதுகொண்டே பதில் சொன்னாள். அவர் சரியென்று தலையாட்டிவிட்டு எழும்பி, ஏழு பிறிட்ஜையும் வரிசையாகக் கொழுவினார். எல்லாரும் திறப்பை எடுத்தோம். தில்லையண்ணை விறைத்துப்போன கழுத்துப் பட்டியைக் கட்டினபோது அவர் உடம்பு ஒருதரம் உதறியது. அதுவும் கிட்டத்தட்ட அந்தக் கொம்பிறசர் மாதிரித்தான்.

கலியாணம் நடந்தது. பாலண்ணை தாரை வார்த்துக் கொடுத்தார், கண் கலங்கி, ஐயர் சொன்னதற்கு முன்னாலேயே தண்ணீரை ஊற்றிவிட்டார்.

அதன்பிறகு கசெற்றை மறுபடி வெளியிட்டோம், ஐந்தாம் சரணத்தோடு. அதைப் புதிதாக, சுத்தமாகப் பாடித் தருகிறேன் என்று மனோ கேட்டான். பாலண்ணை விடவில்லை. "பிறிட்ஜ் இல்லாட்டில் நானும் இல்லை" என்றார். அப்படித்தான் ஊருக்கெல்லாம் தெரிந்த பாட்டில் ஒரு பிறிட்ஜ் ஓடுகிறது. பஸ் பிழையையும் திருத்தவில்லை. சுவிஸிலிருந்து ஒரு ரசிகர், ஐந்தாம் சரணத்தில் வருகிற அந்த அபூர்வ வாத்தியத்தின் பெயர் என்ன, எங்கே வாங்கலாம் என்று கடிதம் போட்டார். "பிறிட்ஜ், வெள்ளை நிறம், இப்போது பாவனையில் இல்லை" என்று தில்லையண்ணை பதில் எழுதி, கடித உறையில் "கடிதம்" என்று ஒட்டினார். பிறகு வந்த இசைக்குழுக்கள் கீபோர்டில் அந்த இரைச்சலுக்கென்று ஒரு கட்டையை ஒதுக்கின. "டக்" வரும்போது ஆடுகிறவர்கள் எல்லாரும் அப்படியே சிலையாக நிற்கவேண்டும் என்று பிள்ளைகள் ஒரு விளையாட்டும் வைத்திருந்தார்கள்.

தில்லையண்ணை இப்போது இல்லை. பூமணியக்கா மகளோடு இருக்கிறார். அந்த வீட்டின் பேஸ்மென்ற்றில் யாரோ வாடகைக்கு இருக்கிறார்கள். கதவில் இன்னும் "கதவு" என்று இருக்கிறதோ தெரியாது.

போன மாதம் நான் சண்டை பிடித்த கலியாணம், வசந்தியின் மகளுடையது.

"இனி ஒண்டும் செய்யேலாது அன்ரி, ஒறிஜினல் என்னட்டை இல்லை," என்று அந்தத் தம்பி கையை விரித்தபோது, பிள்ளைகள் கேட்டு இரண்டாம் தரம் போட்ட அதே பாட்டில் அத்தானின் சரணம் முடிந்துகொண்டிருந்தது. முதல் தரம் போகும்போது பாலண்ணை வாசலில் ஆட்களை வரவேற்றுக்கொண்டு நின்றவர். ஐந்தாம் சரணம் வந்தது. கழுவித் துடைத்த கோப்பை மாதிரி, சுத்தமாக, வெறுமையாக. நான் முன் மேசையைப் பார்த்தேன்.

பாலண்ணைக்கு எழுபது தாண்டிவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தார். தலையைச் சரித்து ஒரு கணம் கேட்டார். பிறகு உதட்டைக் குவித்து, "டுக்" என்றார். "டுர்ர்ர்ர்ர்" என்று இழுக்கத் தொடங்கினார், சத்தமாக, கண்ணை மூடிக்கொண்டு. பாதி மண்டபம் திரும்பிப் பார்த்தது. இரண்டாம் வரியில் அவருக்கு மூச்சு முட்டியது. பக்கத்தில் இருந்த மனோ, அந்தப் பாட்டைப் பாடின அதே மனோ, தன் பாட்டை விட்டுவிட்டுத் தமையனின் பிறிட்ஜை வாங்கிக்கொண்டான். அவனுக்கு மூச்சு முடிய வசந்தி. பிறகு அந்த மேசை முழுக்க. பிறகு அடுத்த மேசை. பொம்பிளை மாப்பிள்ளையும் மேடையிலிருந்து இரைந்தார்கள். பாட்டுப் போடுகிற தம்பி வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

கடைசிச் சொல்லில், முந்நூறு பேர் ஒன்றாக மேசையில் ஒரு அடி. டக்.

நேரம் ஒரு துளியும் பிசகவில்லை. நான் அந்தத் தம்பிக்குப் பக்கத்தில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னையறியாமலே சத்தமாகச் சொன்னேன்.

"பிழையில்லை."